‘சூப்பர்’ போதாது

சிவகாசியில் 1886-இல் பிறந்த தியாகி விசுவநாததாஸ், மதுரகவி பாஸ்கரதாஸின் தேசபக்திப் பாடல்களை நாடக மேடையில் பாடிச் சிறைக்கும் போனவர். மேடைப் பாட்டின் பலமும் பலவீனமும் கூட்டத்தின் முன்னாலேயே தெரிந்துவிடும். இன்றோ விருதுநகர், சாத்தூர்ப் பிள்ளைகள் கிடாரில் சொந்தப் பாட்டு கட்டினால், ‘சூப்பர்டா’ என்று முடித்துவிடுகிறோம். அது பாராட்டல்ல, தட்டிக்கழிப்பு. அதற்குப் பதிலாக வழி காட்டலாம். நாலு கார்டு (சுரக்கூட்டு) மட்டும் தெரிந்தால் மெட்டும் அதற்குள்ளேயே சுற்றும். ஒரு ஃப்ரெட் (கிடார்க் கழுத்தின் குறுக்குக் கம்பி) நகர்ந்தால் அரைச்சுரம், 12-ஆவது ஃப்ரெட்டில் அதே சுரத்தின் மேல்ஸ்தாயி என்று ஆறு தந்தியிலும் விரலைப் பழக்கச் சொல்லுங்கள். குறையிருந்தால், ‘சரணத்தின் இரண்டாம் அடியில் சொல் தாளத்துக்குள் அடங்கவில்லை’ என்று இடம்சுட்டிச் சொல்லுங்கள். திருத்த வழி காட்டாத விமர்சனம் வெறும் அபிப்பிராயம்தான்.