பெரிய என்ஜின்! பெரிய டயர்! பிரேக் என்ன ஆகும்?

வீடு ஓர் இடத்தில் நிற்கும். வண்டி ஊர் சுற்றும். வீடே வண்டியாகி ஊர் சுற்றினால்?

அமெரிக்காவில் அப்படிப்பட்ட வண்டிகள் ஏராளம். "கேம்பர் வேன்" என்று அவற்றுக்குப் பெயர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே உண்டு. கூரையை மேலே தூக்கினால், அங்கே இன்னொரு படுக்கை! புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் எல்லோரும் ஏறிக்கொண்டு மலைக்கும் கடற்கரைக்கும் புறப்பட்டு விடுகிறார்கள்.

இவற்றில் பேர் பெற்றது, ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி செய்த "வேனகன்" வண்டி. 1980-ம் ஆண்டு மாடல் முதல் 1991-ம் ஆண்டு மாடல் வரை அமெரிக்காவில் விற்பனையானது. வெஸ்ட்பாலியா என்ற மற்றொரு ஜெர்மன் கம்பெனி, அதற்குள் படுக்கையும் அடுப்பும் அமைத்துக் கொடுத்தது.

அந்த வண்டிகளுக்கு இன்று வயது 30-க்கு மேல். ஆனாலும் சொந்தக்காரர்கள் அவற்றை விடவில்லை. என்ஜினை மாற்றுகிறார்கள். டயரையும் மாற்றுகிறார்கள்.

ஏன் மாற்றுகிறார்கள்?

வேனகனின் என்ஜின் பின்பக்கம் இருக்கிறது. கடைசியாக வந்த 2.1 லிட்டர் என்ஜினுக்கே பலம் 95 குதிரை சக்திதான். சாமான்களும் ஆட்களும் ஏறினால் வண்டியின் எடை சுமார் 2,400 கிலோ! மலை ஏறும்போது வண்டி திணறும்.

ஆகவே, பலர் ஜப்பானின் சுபாரு கார் என்ஜினைப் பொருத்துகிறார்கள். அதுவும் தட்டையான என்ஜின். பின்பக்க இடத்தில் அடங்கிவிடும். அதன் 2.2 லிட்டர் என்ஜினுக்குச் சுமார் 130 குதிரை சக்தி உண்டு.

பலம் வந்துவிட்டது. அடுத்து, பெரிய டயர் மேல் ஆசை வருகிறது.

டயர் பெருத்தால் என்ன நடக்கும்?

பழைய டயரின் உயரம் சுமார் 65 சென்டிமீட்டர். பலர் போடும் பெரிய டயரின் உயரம் சுமார் 69 சென்டிமீட்டர். வித்தியாசம் நான்கு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் விளைவு பெரிது.

ஒரு மைல் போக, பழைய சக்கரம் ஏறக்குறைய 790 முறை சுழன்றது. புதிய சக்கரம் ஏறக்குறைய 740 முறை சுழன்றால் போதும். நிமிஷத்துக்கு 3,500 சுற்று சுற்றிய என்ஜின், அதே வேகத்தில் 3,300 சுற்றோடு நிற்கும். சத்தம் குறையும்.

சிறிய சக்கர சைக்கிளை மேட்டில் மிதிப்பது சுலபம். அதிலேயே பெரிய சக்கரத்தை மாட்டினால், கால் வலிக்கும். பழைய என்ஜினுக்குப் பெரிய டயர் போட்டால் இந்தக் கதிதான். புதிய என்ஜின் அதைத் தாங்கிக் கொள்ளும்.

வண்டி எவ்வளவு உயரும்? 4 சென்டிமீட்டர் அல்ல, 2 சென்டிமீட்டர்தான்! டயரின் பாதி, அச்சுக்கு மேலே போய்விடுகிறதே!

முள் சொல்லும் பொய்

முன்பு வேகத்தைச் சரியாகக் காட்டிய முள், இனிமேல் குறைத்துக் காட்டும். 60 மைல் என்று முள் காட்டும்போது, வண்டி 63 மைலுக்கு மேல் ஓடும்.

பிரேக் பழைய பிரேக்தான். சக்கரம் பெரிதானதால், அதே தூரத்தில் வண்டியை நிறுத்த முன்பைவிட 6 சதவிகிதம் கூடுதல் பலம் வேண்டும். என்ஜின் பலத்தால் வேகமும் கூடுகிறது. 60 மைலில் ஓடிய வண்டி 70 மைலில் ஓடினால், பிரேக் அடக்க வேண்டிய சக்தி 36 சதவிகிதம் அதிகம்! மலை இறக்கத்தில் பிரேக் சூடேறினால், பிடிப்பு தளர்ந்துவிடும்.

மலை ஏற என்ஜின் உதவும். இறங்க உதவுவது பிரேக் அல்லவா?

அரசு எதைப் பார்க்கிறது?

கலிபோர்னியா மாநிலத்தில் என்ஜினை மாற்றினால், அரசின் நடுவரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். என்ஜின், வண்டியின் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக்கூடாது. புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகள் எல்லாம் இருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அது புகைக்கான சோதனை. பிரேக்கின் பலத்தை அதில் அளப்பதில்லை.

ஜெர்மனியில் அப்படி இல்லை. வண்டிக்கு அனுமதிக்கப்படாத அளவில் டயர் போட்டால், நிபுணர் சோதித்து ஒப்புதல் தர வேண்டும்.

நிபுணர் பார்க்காத இடத்தில் பொறுப்பு யாருக்கு? வண்டிக்காரருக்குத்தான்.

எது முதலில்?

முதலில் பிரேக்கைப் பலப்படுத்த வேண்டும். டயர் வாங்கும்போது அழகைப் பார்த்தால் போதாது. வண்டியின் எடையைத் தாங்கும் டயர்தானா என்று, அதன் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். சக்கரத்தை முழுவதும் திருப்பி, எங்கும் உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகம் காட்டும் முள்ளையும் சரி செய்ய வேண்டும்.

வண்டியின் ஓர் உறுப்பைத் தொட்டால், மற்ற உறுப்புகளும் அசைகின்றன. அந்த வண்டிக்குள் பயணம் செய்வது சாமான்கள் மட்டும் அல்ல. பின்னால் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்!