தியத்தலாவவுக்கு முந்திய வாசல்
உயர்தரப் பெறுபேறு வந்ததும் அறிவுரை தொடங்கிவிடுகிறது: கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்குக் கெடட்டாகப் போனால் கணினிப் பட்டமும் கிடைக்கும், படிக்கும்போதே சம்பளமும் வரும், சைபர் பாதுகாப்புத் துறைக்கு அதைவிட நல்ல வழியில்லை என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கெடட்டுகளைப் பழக்கும் இராணுவக் கழகமும் எங்கோ இல்லை. நம் பதுளை மாவட்டத்துத் தியத்தலாவவில், தேயிலை மலைகளுக்கு நடுவேதான் இருக்கிறது. ஆனால் லயத்துப் பிள்ளைக்குத் தூரம் அந்த வாயிலில் ஆரம்பிப்பதில்லை. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் அந்தப் பட்டத்துக்கு வேண்டிய உயர்தரக் கணிதப் பிரிவே கிடையாது. பிரிவு இருந்தால் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கமாட்டார். இனம் பார்த்துச் சேர்ப்பதில்லையே என்பார்கள். பார்க்க வேண்டிய அவசியந்தான் என்ன, பாடத்திலேயே வடிகட்டி முடிந்துவிடுகிறதே! சீருடை பிடிக்காதவர்களுக்குப் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் உண்டு என்பதும் நியாயமான பேச்சுத்தான். அங்கும் கணினி படிக்க உயர்தரத்தில் சரியான பாடம் வேண்டும். கெடட்டாகப் போனால் பட்டம் முடிந்தபின் கட்டாயச் சேவை உண்டு என்று பயமுறுத்துவோர் கொழுந்து பறித்து வரும் நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டை யோசிப்பதில்லை. நிரந்தர வேலை அங்கே தண்டனையாகத் தெரியாது. ஆகவே வழிகாட்டல் கருத்தரங்கு நடத்துவோர் அந்தச் செலவில், பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு முதலில் ஒரு கணித ஆசிரியரை அனுப்பிவைக்கட்டும்.