சித்தி வீதம் தலைவிதியன்று

பட்டய நிதிப் பகுப்பாய்வாளருக்கான சீ.எப்.ஏ. பரீட்சை ஒவ்வொரு முறை முடிந்ததும் நம்மவரிடையே ஆரூடக்காரர் தோன்றிவிடுகின்றனர். வினாக்கள் எளிது, ஆகவே சித்திக்குரிய எல்லையை உயர்த்திவிடுவார்கள் என்கின்றார் ஒருவர். மறுமுறையும் கட்டணம் பெறுவதற்காகவே பாதிப்பேரை வீழ்த்துகின்றார்கள் என்கின்றார் மற்றொருவர். ஆசிய நாட்டவரென்றால் மட்டந்தட்டுவார்கள் என்கின்றார் மூன்றாமவர். சான்று எங்கே என்று கேட்டால் மூவரும் மௌனிகள்! வெங்காயம் விற்ற பணத்திலும் நகை ஈடுவைத்த பணத்திலும் பிள்ளைக்குக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களின் நம்பிக்கையைக் கெடுக்கும் இவ்வூகங்களை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

இவர்கள் தூக்கிப் பிடிக்கும் எண்களையே எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் முதலாம் நிலையில் நூற்றுக்கு 49 பேர் சித்தியடைந்தனர். 2021 யூலையில் அவ்வீதம் 22 ஆக வீழ்ந்தது. பரீட்சை இருமடங்கு கடினமாயிற்று என்று கூக்குரல் எழுந்தது. உண்மை என்ன? பெருந்தொற்றுக் காலத்தில் பரீட்சை பின்போடப்பட்டு, படிப்பின் தொடர்பறுந்து காத்திருந்தோர் பலர் அத்தவணையில் தோற்றினர். வீதம் வீழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2024இல் நான்கு தவணைகளிலும் வீதம் 43க்கும் 46க்கும் இடையில் நின்றது. 1963இல் இப்பரீட்சை முதன்முதல் நடந்தபோதோ 284 பேர் எழுதி 268 பேர் சித்தியடைந்தனர். அவர்கள் தொழிலில் ஊறிய அனுபவசாலிகள். ஆகவே, சித்தி வீதம் வினாத்தாளைப் பற்றிச் சொல்வதிலும் எழுத வந்தவர்களைப் பற்றியே அதிகம் சொல்கின்றது. வன்னியின் சராசரி மழையளவு, உமது வயலின் வரம்பு உடைந்திருப்பதைச் சொல்லுமா?

எல்லை வகுக்கும் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். முதலாம் நிலையில் 180 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள். பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை. தொழிலுக்குத் தகுதியின் வாசலில் நிற்கும் ஒருவர் ஒவ்வொரு வினாவுக்கும் எந்த அளவில் விடையளிப்பார் என்று துறையறிஞர் மதிப்பிடுவர். அம்மதிப்பீட்டை ஆதாரமாகக் கொண்டே எல்லை தீர்மானிக்கப்படும். இத்தனை பேர்தான் தேறலாம் என்ற பங்கீடு அங்கில்லை. பக்கத்து ஆசனத்தான் தேறுவதனால் உமக்கு நட்டமுமில்லை.

எல்லைக்கோட்டை அநீதியாக வரைவது எத்தகையதென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1970-71 அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 400க்கு 250 புள்ளி பெறவேண்டுமென்றும், சிங்களமொழி மூலம் தோற்றியோர்க்கு 227 போதுமென்றும் விதிக்கப்பட்டது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே பீடம், இரண்டு கோடுகள்! அந்த அநீதியை நாம் எண்களைக் காட்டி நிறுவினோம். அவ்வாறு நிறுவிய மக்கள், சான்றில்லாத இடத்திலும் சதி, சதியென்று கூவுவார்களாயின், தங்கள் உண்மையான முறைப்பாட்டின் வலிமையைத் தாங்களே குறைத்தவர்களாவர்.

இதனால் பரீட்சை நடத்துவோர் குற்றமற்றவர் என்று நாம் சொல்லவில்லை. சலுகை பெறாத ஒருவரிடம் ஆயிரம் டொலர் அளவில் கட்டணம் வாங்குகின்றார்கள். ஆனால், எத்தனை வினாக்களுக்குச் சரியான விடையளித்தால் சித்தி என்பதை வெளியிடுவதில்லை. இருளிலேதான் ஆரூடம் முளைக்கும். எல்லையை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று கேட்பதற்குப் பணம் கட்டியவனுக்கு உரிமையுண்டு. நம்மவரிலே அத்தொழிலில் உயர்ந்து நிற்போர், ஊகம் பேசும் நேரத்தில் இக்கோரிக்கையை எழுப்பட்டும்!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தனியார் வகுப்பொன்று தன் சித்தி வீதத்தைப் பெருமையாக விளம்பரப்படுத்தினால், சேர்ந்தவர் எத்தனை பேர், பரீட்சைக்குத் தோற்றியவர் எத்தனை பேர் என்று முதலிற் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை பணத்தை மடியிலேயே வைத்திருங்கள்.

இளைஞர்களே! ஒரு நிலைக்கு 300 மணிநேரப் படிப்பு வேண்டும் என்பது அநுபவத்தில் அறிந்த அளவு. அதில் ஒரு மணிநேரத்தையேனும் ஆரூடக்காரரிடம் இழந்துவிடாதீர்கள். எழுதிமுடித்த தாளின் எல்லையை உங்களால் மாற்ற முடியாது. எழுதப்போகும் தாளுக்கான ஆயத்தமோ முழுவதும் உங்கள் கையிலிருக்கின்றது.