பட்டமளிப்பு மேடையில் ஓர் இயற்கை எழுத்தாளர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கிளேர்மான்ட் நகரில் ஸ்கிரிப்ஸ் என்றொரு மகளிர் கல்லூரி உண்டு. 1962ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அங்கு நடந்த பட்டமளிப்பு விழாவில் உரையாற்றியவர் ரேச்சல் கார்சன் அம்மையார். கடலைப் பற்றி எழுதிப் பெரும்புகழ் பெற்றவர். பட்டம் பெற்ற பெண்களை வாழ்த்திவிட்டு அவர் அமர்ந்திருக்கலாம். மேடைகளில் வழக்கமாக நடப்பது அதுதானே! அவரோ, காலம் என்னும் ஆற்றில் மனிதனுக்குரிய இடம் எது என்று ஆராய்ந்தார். இயற்கையை வென்றதாக மார்தட்டும் மனிதன், முதலில் தன்னை அடக்கி ஆளக் கற்க வேண்டும் என்பதே அவ்வுரையின் சாரம்.

நான்கே நாட்களில், ஜூன் 16 அன்று, 'நியூயார்க்கர்' இதழில் அவருடைய 'மௌன வசந்தம்' வெளிவரத் தொடங்கியது. செப்டம்பரில் அது நூலாயிற்று. எல்ம் மரங்களுக்கு டி.டி.டி. தெளித்தார்கள். நஞ்சு படிந்த இலைகள் உதிர்ந்தன. அவற்றை மண்புழுக்கள் தின்றன. அப்புழுக்களைத் தின்ற ராபின் பறவைகள் மடிந்தன. இதனைப் பாட்டியும் பேத்தியும் புரிந்துகொள்ளும்படி அவர் எழுதினார். பூச்சிமருந்தே கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஆயினும் இரசாயனத் தொழில் துறையினர் அவரை உணர்ச்சிவசப்பட்ட பெண் என்று ஏசினர். (ஆண் எழுதியிருந்தால் இப்படி ஏசியிருப்பார்களா?) அந்நாட்களில் அவரைப் புற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்தது, அதை அவர் வெளியில் சொல்லவில்லை. 1964 ஏப்ரலில், 56ஆம் வயதில் மறைந்தார். 1972இல் அமெரிக்கா வேளாண்மையில் டி.டி.டி.யைத் தடை செய்தது.

இத்தகைய செய்திகளை விஞ்ஞானிகள் புள்ளிவிவரங்களோடு கூறினால் போதாதா, எழுத்தாளருக்கு இங்கு என்ன வேலை என்று சிலர் கேட்கின்றனர். போதாது என்பதே எங்கள் கருத்து. கார்சன் அம்மையார் கல்லூரியில் முதலில் பயின்றது ஆங்கில இலக்கியம். பின்னரே உயிரியலுக்கு மாறினார். இனி எழுத்துக்கு விடைகொடுக்க வேண்டியதுதான் என்று அப்போது எண்ணினாராம். ஆனால் உயிரியல்தான் அவருக்கு எழுதுவதற்குப் பொருள் தந்தது! பத்தாம் வகுப்பு முடிந்ததும் அறிவியல் பிரிவா, கலைப் பிரிவா என்று எங்களைக் கேட்கிறார்கள். ஒன்றைத் தொட்டால் மற்றொன்றை விட்டுவிட வேண்டும் என்றே பேசுகிறார்கள். கட்டுரைப் போட்டியில் பரிசு பெறும் எங்கள் தோழியர் பலர், விலங்கியல் தங்களுக்கு எட்டாதது என்று ஒதுங்குவதும் இதனால்தான்.

பறவைகளையும் புல்பூண்டுகளையும் நேசித்த அசிசி நகர் புனித பிரான்சிஸை, 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அவர் விழாவை நாம் அக்டோபர் 4 அன்று திருப்பலியோடு கொண்டாடுகிறோம். அன்று மாலை, மரங்களையோ பறவைகளையோ பற்றி எழுதும் ஒருவரை அழைத்து, அவர் எழுதியதில் சில பக்கங்களை அவர் வாயாலேயே படிக்கச் செய்ய வேண்டும் என்பது எங்கள் விண்ணப்பம். அறிவுரை வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். அரை மணி நேரம் வாசிக்கட்டும், அரை மணி நேரம் நாங்கள் கேள்வி கேட்கிறோம்.