தோற்றது மெய்ம்மை அல்ல!

"உள்ளதை உள்ளபடி எழுதினால் எவன் வாங்குவான்? மக்களுக்கு வேண்டுவது மாயம்! பறக்கும் வீரன்! பணிந்து நிற்க ஒரு பிம்பம்!" என்று பேசுவோர், தம் கூற்றுக்குச் சான்றாக ஒரு தோல்விக் கதையை எப்போதும் கையில் வைத்திருக்கின்றனர். அமெரிக்க நாட்டு மார்வெல் நிறுவனம் 1986இல் தொடங்கி 1989இல் கைவிட்ட 'நியூ யுனிவர்ஸ்' என்னும் படக்கதை வரிசையே அது. அந்தச் சான்றை நாமும் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். தோற்றது எது? மெய்ம்மையா, மெய்ம்மையின் பெயரால் நடந்த வாணிகமா?

மார்வெல் வீரர்களின் உலகம் 1961இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழோடு பிறந்தது. அதன் 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி, தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் புதியதோர் உலகைப் படைக்க முன்வந்தார். பழைய உலகில் இடியை ஆளும் தேவன் உண்டு, மந்திரவாதி உண்டு, வேற்றுக் கோளிலிருந்து வருவோர் உண்டு. புதிய உலகில் இவர்கள் எவரும் இலர். உங்கள் சன்னலுக்கு வெளியே தெரியும் உலகமே இது என்று முழங்கினர். 1986 சூலை 22 அன்று புவியெங்கும் ஒரு வெண்ணொளி. அதன்பின் சாதாரண மாந்தர் சிலரிடம் புதிய ஆற்றல். படிப்பவன் வாழ்வில் ஒரு திங்கள் கழிந்தால் கதையிலும் ஒரு திங்கள் கழியும். எத்துணை நேரிய திட்டம்!

திட்டம் நேரியது. செயல்?

எட்டு இதழ்களை ஒரே வீச்சில் இறக்கினர். ஆனால் நிறுவனம் கைமாறிய காலம் அது. வரிசைக்கென எண்ணியிருந்த பணம் வெட்டப்பட்டது. விழா எடுக்க மனம் இருந்தது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை! எழுத்தாளரும் ஓவியரும் வந்தனர், போயினர். விதைக்கும்போதே நீரை நிறுத்திவிட்டு, விளையவில்லையே என்று நிலத்தைப் பழிப்பது என்ன நியாயம்?

அதனினும் பெரிய பழுது கொள்கையில் நேர்ந்தது. வேற்றுலகம் இல்லை என்று வாசலில் பலகை மாட்டினர். உள்ளே 'ஜஸ்டிஸ்' இதழின் நாயகனோ, வேற்றுலகிலிருந்து வந்த வீரனாகவே உலவினான்! பின்னர் வந்த எழுத்தாளர் பீட்டர் டேவிட், அவ்வுலகமே அவன் மனமயக்கம் என்று திருத்த வேண்டியதாயிற்று. 'ஸ்பிட்ஃபயர்' இதழில் பேராசிரியை ஒருத்தி மாபெரும் இயந்திரக் கவசம் பூண்டு போரிட்டாள். எந்தச் சன்னலுக்கு வெளியே இதைக் கண்டார்கள்? 'மார்க் ஹசார்டு' இதழிலோ அதிசய ஆற்றலே இல்லை. கூலிக்குப் போரிடும் ஒருவன் மட்டும். மாயத்தை நீக்கினால் போதும், மெய்ம்மை தானே வந்து அமரும் என்று எண்ணினர் போலும்!

அமராது, தோழர்களே! மாயத்தை நீக்குவது பாதி வேலை. காரணத்தைத் தொட்டு அதன் காரியம் வரை நடப்பதே மீதி வேலை. அந்த மீதியைச் செய்த இதழும் இவ்வரிசையில் உண்டு. மார்க் குரூன்வால்டு எழுதிய 'டி.பி. 7' அது. விரைவாக இயங்கும் ஆற்றல் பெற்றவனுக்கு ஒரு கணம் அசையாது நிற்க இயலவில்லை. உடலில் அமிலம் கசியும் இளைஞனுக்கு அந்த உடலே பகை. உதவுவதாகக் கூறிய மருத்துவமனையிலிருந்தே அவர்கள் ஒன்றாகத் தப்பியோட நேர்கிறது. ஆற்றல் அங்கே வரம் அன்று, வாழ்க்கைச் சிக்கல். 1987இல் நான்கு இதழ்கள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டே ஷூட்டரும் விலக்கப்பட்டார். 'டி.பி. 7' அந்த வெட்டையும் கடந்து 32 இதழ்கள் நின்றது.

பின்னர்ப் பெரிய பாய்ச்சலும் நிகழ்ந்தது. 'ஸ்டார் பிராண்ட்' நாயகனான ஊர்திப் பழுதுநீக்கும் தொழிலாளி, தன்னிடம் இருந்த ஆற்றலை உதறித்தள்ள முயன்றான். பிட்ஸ்பர்க் நகரமே அழிந்தது. அடுத்து, ஆற்றல் பெற்றவர்களை அமெரிக்க அரசு கட்டாயப் படைச் சேவைக்கு இழுத்தது. ஆம், அன்று முதல் கதையுலகம் சன்னலுக்கு வெளியே இருந்த உலகம் அன்று. எனினும், இத்தகைய ஆற்றல் மண்ணில் தோன்றினால் அரசு என்ன செய்யும், எளியவன் என்ன ஆவான் என்ற கேள்வி அப்போதுதான் உரக்கக் கேட்டது. கேட்டபோது காலம் கடந்துவிட்டது. வாங்குவோர் பலர் கலைந்துவிட்டனர்.

மக்கள் மெய்ம்மையை வெறுத்தனர் என்போரை நாம் கேட்கிறோம்: அதே 1986இல் டி.சி. நிறுவனம் வெளியிடத் தொடங்கிய 'வாட்ச்மென்' கதைக்கு என்ன மறுமொழி? ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்த அந்தப் பன்னிரண்டு இதழ்களும், முகமூடி வீரர் உண்மையிலேயே இருந்தால் நாடும் சட்டமும் மனித மனமும் என்னவாகும் என்றுதானே ஆராய்ந்தன? அதை மக்கள் ஒதுக்கினார்களா? இன்றளவும் அச்சிட்டு விற்கிறார்களே!

ஆகவே, தோற்றது மெய்ம்மை அல்ல, அரைகுறை மெய்ம்மை. மக்களின் அறிவு குன்றவில்லை. அவர்களுக்குப் படைத்தவர்களின் துணிவு குன்றியது. "மக்கள் ஏற்கமாட்டார்கள்" என்று இனி எவரேனும் கூறினால், இளைஞர்களே, நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: "முழுமையாகக் கொடுத்துப் பார்த்தீர்களா?"