குதிரைக்கு வழி உண்டு, சைக்கிளுக்குக் கிடையாது

சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மரின் கவுண்டி. அங்கே டமல்பாயிஸ் என்று ஒரு மலை. உயரம் 784 மீட்டர்தான், பெரிய மலை ஒன்றுமில்லை. ஆனால் உலகம் முழுக்க இன்றைக்கு 'மவுண்டன் பைக்' என்று விற்கிற சைக்கிளுக்கு இந்தப் பக்கம்தான் பிறந்த வீடு. அந்தப் பிறந்த வீட்டிலேயே அதற்கு இடமில்லை. மலையின் ஒற்றையடிப் பாதைகளில், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, பல வருடங்களாகவே சைக்கிளுக்குத் தடை. நடக்கிறவர் போகலாம். பல பாதைகளில் குதிரையே போகலாம். கிட்டத்தட்ட அரை டன் எடை, நாலு காலிலும் இரும்பு லாடம், வழியெல்லாம் லத்தி. அது 'இயற்கையோடு இசைந்த பொழுதுபோக்கு'. பதினைந்து கிலோ சைக்கிள் மட்டும் மலையை அழித்துவிடுமாம்!

இந்தத் தடைக்குச் சொல்லப்படுகிற காரணங்களில் பாதி காரணமே இல்லை. மீதிப் பாதி உண்மைதான், ஆனால் அதற்கு மருந்து தடை இல்லை.

முதலில் கதை. எழுபதுகளில் மரினில் இருந்த சில இளைஞர்கள் 1930களிலும் 40களிலும் வந்த ஷ்வின் எக்ஸெல்சியர் மாதிரி பழைய சைக்கிள்களைக் காயலான் கடை விலைக்கு வாங்கினார்கள். தடித்த டயர், கனமான பிரேம். கியர் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பிரேக். இதை மலைமேல் தள்ளிக்கொண்டு போய், மண் ரோட்டில் கீழே விடுவது. ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் பைன் மலையில் அப்படி ஒரு ரோடு, சுமார் மூன்றேகால் கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பின் ஹப்பில் இருக்கிற கிரீஸ் சூட்டில் புகையாகப் போய்விடும். திரும்ப ஓவராயில் பண்ணி, கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். அதனால்தான் அந்த ரோட்டுக்கு 'ரீபேக்' என்று பேர் வந்தது. 1976 அக்டோபர் 21ஆம் தேதி அங்கே முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லி அந்தப் பந்தயங்களை நடத்தினார். கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியதுதான் அங்கே சாதனை. ஜோ பிரீஸ் 1977இல் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு பிரேம் செய்தார். 1979இல் ஃபிஷரும் கெல்லியும் டாம் ரிச்சி செய்த பிரேம்களை வைத்துக் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டு. பழைய இரும்புக் கடையில் ஆரம்பித்த பிழைப்பு இருபதே வருடத்தில் ஒலிம்பிக் போனது!

இதே காலத்தில்தான் தடையும் வளர்ந்தது. எண்பதுகளில் ரேஞ்சர்கள் ராடார் கருவியோடு மலையில் நின்றார்கள். மண் ரோட்டில் மணிக்கு 15 மைல் வேகம், கண் மறைக்கிற திருப்பத்தில் 5 மைல், மீறினால் அபராதம். ஒற்றையடிப் பாதைக்குள் சக்கரமே வரக்கூடாது. மலையின் பெரும்பகுதி மரின் தண்ணீர் வாரியத்தின் கையில் இருக்கிறது. அங்கே பெய்கிற மழைதான் கீழே அணைகளில் தேங்கிக் குழாயில் குடிதண்ணீராக வருகிறது. ஆகவே மண் அரிப்பு என்கிற கவலை சும்மா சொல்கிற சாக்கு இல்லை. அதைச் சீரியசாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொண்டு பார்த்தால்? மாண்டானா மாநிலத்தில் வில்சன், செனி என்ற இருவர் மலைப்பாதைகளில் செய்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. ஒரே பாதையில் நடப்பவர், குதிரை, மோட்டார் பைக், சைக்கிள் நான்கையும் ஓட்டிப் பார்த்து, செயற்கை மழை பெய்ய வைத்து, எது அதிகமாக மண்ணைக் கிளப்பிவிடுகிறது என்று அளந்தார்கள். சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலும்தான் அதிக மண்ணைப் பெயர்த்திருந்தன. ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு சைக்கிளுக்குப் புனிதர் பட்டம் கொடுக்க முடியாது. பிரேக்கை அழுத்திச் சறுக்கிக்கொண்டு போகிறவன் பள்ளம் பறிக்கத்தான் செய்வான், மழை பெய்த மறுநாள் சேற்றில் ஓட்டுகிறவனும் அப்படித்தான். ஆனால் 'மண் அரிப்பு' என்று சொல்லிச் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டுக் குதிரையை உள்ளே விடுகிற விதிக்கு அறிவியல் என்று பேர் வைக்காதீர்கள். அது பழக்கம். குதிரைக்காரர்கள் முதலில் வந்தவர்கள், அவ்வளவுதான்.

மிருகங்கள் பயப்படும் என்பார்கள். யூட்டாவில் ஆன்டிலோப் தீவில் காட்டெருமை, மான் எல்லாம் வைத்து 2003இல் வெளியான ஆய்வு, நடப்பவரைப் பார்த்து ஓடுவதற்கும் சைக்கிளைப் பார்த்து ஓடுவதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்றது. (சைக்கிள் அதே நேரத்தில் அதிக தூரம் போகும், அதனால் அதிக மிருகங்களை எழுப்பும். அது நியாயமான பாயிண்ட்தான்.) அந்த ஆய்வில் இன்னொரு ருசியான விஷயம்: பொழுதுபோக்க வந்தவர்களையே கேட்டபோது, மிருகங்களைத் தொந்தரவு செய்வது மற்ற கூட்டம்தான், நாங்கள் இல்லை என்று சொல்லும் போக்கே தெரிந்தது. மரினில் நாற்பது வருடமாக நடக்கிற சண்டையின் மொத்தமும் இதற்குள் அடங்கும்.

ஓக் மரங்களைக் கொல்லும் ஒரு நோய் தொண்ணூறுகளின் நடுவில் மரின் பக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. அந்தக் கிருமி சேற்றோடு ஒட்டிக்கொண்டு பரவக்கூடியது. டயரிலும் ஒட்டும், ஷூவிலும் ஒட்டும், குளம்பிலும் ஒட்டும். ஆனால் தண்டனை டயருக்கு மட்டும்.

இதெல்லாம் போகட்டும். நிஜமான பிரச்சினை வேறு. பயம்.

அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் காலையில் மலைக்கு நடக்க வருகிறார். பாதை மூன்றடி அகலம். ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் புதர். காது கொஞ்சம் மந்தம். திருப்பத்தில் சத்தமே இல்லாமல் ஹெல்மெட் போட்ட ஒருவன் வந்து அரையடி தள்ளி உரசிக்கொண்டு போகிறான். இடிக்கவில்லை. ஆனால் அந்த அம்மா அடுத்த வாரம் வரமாட்டார். இந்தக் கணக்கு எந்த விபத்துப் பட்டியலிலும் ஏறாது. சைக்கிள் ஆட்கள் எப்போது பார்த்தாலும் 'மோதல் எத்தனை நடந்திருக்கிறது, எண்ணிக்கை காட்டு' என்று கேட்பது இதனால்தான் எரிச்சலூட்டுகிறது. மலையை விட்டு விலகிப் போனவர்கள் எண்ணிக்கையில் வருவதில்லை. அந்த அம்மாவின் பயம் நியாயமானது. சைக்கிள் சங்கத்துக்காரர்கள் இதை முதலில் ஒத்துக்கொண்டு பேசியிருந்தால் பாதிச் சண்டை எப்போதோ முடிந்திருக்கும்.

ஆனால் அந்த அம்மாவைத் தடை காப்பாற்றியதா? தடை சைக்கிளை எங்கே அனுப்பியது என்று பாருங்கள். தீயணைப்பு வண்டி போவதற்காக வெட்டிய மண் ரோடுகளுக்கு. அகலமானவை, பல இடங்களில் நேராகவும் செங்குத்தாகவும் இறங்குபவை. அகலமான இறக்கத்தில் சைக்கிள் என்ன செய்யும்? பறக்கும். ரீபேக் பந்தயமே அப்படி ஒரு ரோட்டில்தான் நடந்தது, அந்த ரோட்டில் இன்றும் சைக்கிள் ஓட்டலாம்! நெளிந்து நெளிந்து போகிற, வேர் தட்டுகிற, கல் துருத்துகிற ஒற்றையடிப் பாதையில் அந்த வேகத்தில் யாராலும் ஓட்ட முடியாது. பாதையே பிரேக் போடும். வேகத்துக்குப் பயந்து போட்ட விதி, மெதுவாகப் போக வைக்கிற பாதைகளை மூடிவிட்டு, வேகமாகப் போக வைக்கிற ரோடுகளைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த ரோடுகளிலும் நடப்பவர்கள் இருக்கிறார்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். மண் அரிப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், செங்குத்தாக வெட்டிய ரோட்டில் மழைத்தண்ணீர் வாய்க்காலாக ஓடுவதையும் ஒரு நாள் நின்று பார்க்கலாம்.

சைக்கிள்காரர்கள் பக்கம் எல்லாம் சரி என்று யாரும் நினைக்க வேண்டாம். தடை இருக்கிறதென்று தெரிந்தே ராத்திரியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மூடிய பாதையில் போகிறவர்கள் உண்டு. யாரிடமும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுக்குள் புதுப்பாதை வெட்டியவர்களும் உண்டு. செடி எது, ஊற்று எது என்று தெரியாமல் வெட்டிவிட்டு 'பாதை தரவில்லை, நாங்களே போட்டுக்கொண்டோம்' என்பது திருட்டுக்குச் சொல்கிற சாக்கு. இப்போது போனில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் நேரம் குறித்து, யார் முதலிடம் என்று ஊருக்கே காட்டுகிற வசதி வேறு வந்துவிட்டது. பொதுப் பாதையில் பந்தயம் வைத்தது போலத்தான் இது. அப்புறம் பாட்டரி சைக்கிள். 'எங்கள் சொந்தக் காலால் மிதிக்கிறோம், எங்களுக்கும் நடப்பவருக்கும் என்ன வித்தியாசம்' என்பதுதான் இவர்களுடைய பழைய வாதம். பாட்டரி போட்ட அன்றைக்கு அது காலி. அதற்குத் தனி விதி வேண்டும் என்று சைக்கிள் சங்கங்களே முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

வர்க்கக் கதையும் இங்கே எடுபடாது. மரின் அமெரிக்காவின் பணக்காரக் கவுண்டிகளில் ஒன்று. ஒரு பக்கம் மலை பார்த்த வீட்டுக்காரர், இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான டாலர் சைக்கிள். ஏழை யாரும் இல்லை. ஆனால் வயசு இருக்கிறது. 2001இல் பெர்க்லியில் ஒரு பள்ளி ஆசிரியர் ஆரம்பித்த மவுண்டன் பைக் லீக், இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. மரினிலும் பள்ளி அணிகள் இருக்கின்றன. பதினைந்து வயதுப் பிள்ளை தன் பள்ளிக்காகப் போட்டி போடுகிறது, ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலையின் ஒற்றையடிப் பாதையில் பழகினால் அபராதம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெளியே போவதே இல்லை, திரையையே பார்க்கிறார்கள்' என்று புலம்புகிறவர்களில் எத்தனை பேர் இந்தத் தடையையும் ஆதரிக்கிறார்களோ!

வழியே இல்லையா என்றால், பக்கத்திலேயே இருக்கிறது. ஃபேர்ஃபாக்ஸுக்கு மேலே டமரான்சோ என்று சாரணர் முகாம். தனியார் இடம். பாஸ் வாங்கினால் அவர்களுடைய ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் ஓட்டலாம். அந்தப் பணம் இருக்கிறது, பாதையைச் சீர் செய்ய ஆளும் வருகிறார்கள். காமர்ஸ் முதல் வருடப் பாடம் இது: ஒரு பொருளுக்குக் கிராக்கி இருந்தால் அதைத் தடை செய்வதால் கிராக்கி போகாது, கள்ளச் சந்தைக்குப் போகும். ராத்திரி விளக்கும் மண்வெட்டியும் அந்தக் கள்ளச் சந்தைதான். கொலராடோவில் போல்டர் பக்கம் பெடாசோ என்ற இடத்தில் புதன், சனி இரண்டு நாளும் சைக்கிள் கிடையாது. அந்த நாளில் நடப்பவர் திருப்பத்தில் பயப்பட வேண்டியதில்லை. மற்ற நாட்களில் சைக்கிள் எல்லாம் ஒரே திசையில் சுற்ற வேண்டும், எதிரும் புதிரும் வருவது குறையும். டாஹோ ஏரியைச் சுற்றுகிற பாதையின் ஒரு பகுதியில் இரட்டைப்படைத் தேதியில் மட்டும் சைக்கிள். தேதி பார்க்கத் தெரிந்தால் போதும். மேலே ஏற மட்டும் அனுமதி என்று சில பாதைகளுக்கு வைக்கலாம். ஏறுகிற சைக்கிளைப் பார்த்து யாரும் பயந்ததாகச் சரித்திரமில்லை, மூச்சு வாங்குகிற சத்தமே அரை ஃபர்லாங் முன்னால் வந்துவிடும்.

'ஒரு விரல் கொடுத்தால் கையைப் பிடிப்பார்கள்' என்பதுதான் எதிர்ப்பாளர்களின் கடைசி வாதம். சோதனையாக நான்கு பாதை திறந்தால் நாளைக்கு நாற்பது கேட்பார்கள் என்று. கேட்கட்டுமே. சோதனை என்பது எண்ணிப் பார்ப்பதற்குத்தான். வேகத்தை அளக்கலாம், மண்ணை அளக்கலாம், அந்த அறுபத்தைந்து வயது அம்மா திரும்ப வந்தாரா என்று கேட்கலாம். மோசமென்றால் மூடிவிடலாம். அளக்கவே விடமாட்டேன் என்பவருக்கு முடிவு என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

தண்ணீர் வாரியம் 2024இல்தான், பல சுற்றுக் கூட்டங்களுக்குப் பிறகு, குறிப்பிட்ட சில பாதைகளில் சோதனையாகச் சைக்கிளை விட முடிவெடுத்தது. உடனே இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் கோர்ட்டுக்குப் போய்விட்டன. ஃபேர்ஃபாக்ஸில் 2015இலிருந்து சைக்கிள் மியூசியம் ஒன்று இருக்கிறது. பழைய தடித்த டயர் சைக்கிள்களை அங்கே துடைத்து வைத்திருக்கிறார்கள், பார்ப்பதற்குத் தடையில்லை. ரீபேக்கில் கிரீஸ் கருகக் கருக இறங்கிய ஃபிஷருக்கும் பிரீஸுக்கும் இப்போது எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் தேய்கிற வயது, நடப்பதைவிடச் சைக்கிள் மிதிப்பதுதான் மூட்டுக்குச் சுலபம்.