அந்த ரகசியம் பிள்ளைகளுடையதல்ல

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டியது. எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளும் கேட்டார்கள். 'அப்பாவுக்கு ஆபீஸ் வேலை' என்று பள்ளியில் சொல்லி வைத்திருந்தவர்கள் அவர்கள்.

ஊரடங்கிலும் அப்பா விடியும் முன்பே குப்பை வண்டிக்குக் கிளம்பினார். மேஸ்திரி கூப்பிடுவார் என்று வீட்டின் ஒரே செல்போனையும் எடுத்துப் போனார். வந்ததும் தொற்றுக்குப் பயந்து வாசலிலேயே படுத்தார். பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பும் இல்லை, மனம்விட்டுப் பேச நண்பனும் இல்லை.

ஏன் மறைத்தாய் என்று அந்தப் பிள்ளையைக் கேட்காதீர்கள். தெரிந்தால் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். சமூக இடைவெளியைக் கொரோனாவா கொண்டுவந்தது? ஊருக்கும் சேரிக்கும் நடுவே அது என்றைக்கும் இருந்ததுதானே!

குப்பை அள்ளுவதைத் தலித்துகளின் தலையில் கட்டியவர்களே வெட்கப்படட்டும். கைதட்டல் வேண்டாம். பணி நிரந்தரம் கொடுங்கள். அப்பாவின் வேலையைத் தயங்காமல் சொல்லும் வகுப்பறையைக் கொடுங்கள்.